மண்ணோடு மண்ணான வீடுகள்: முசலிக்கு ஒரு பயணம்

கனமூலையில் எங்கள் மாதர் குழு மாதம் ஒருமுறை யாராவது ஒருவரின் வீட்டுத் திண்ணையில் கூடும். சீட்டுக் காசு கட்டுவோம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவோம், தேநீர் குடித்துக் கலைவோம். ஒருமுறை அப்படிக் கூடியபோது, மதீனாவில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த சகோதரி ஒருவர் தன் கைத்தொலைபேசியில் சில படங்களைக் காட்டினார். வேலை செய்த வீட்டார் ஒரு விடுமுறையில் அல்உலா என்ற ஊருக்குத் தம்முடன் அவரையும் அழைத்துச் சென்றிருந்தார்கள். சிவந்த மலைகளின் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிய நூற்றுக்கணக்கான மண் வீடுகள். பல வீடுகளுக்குக் கூரை இல்லை. ஒழுங்கைகளில் ஆள் இல்லை.

படங்கள் கைமாறிக் கைமாறி மாமி ஒருவரிடம் வந்து நின்றன. அவர் மன்னார் மாவட்டத்தின் முசலிப் பக்கத்தைச் சேர்ந்தவர். 1990 இல் எங்கள் பக்கத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

“இது எப்ப விட்டுட்டுப் போன ஊர் மகள்?” என்று என்னைக் கேட்டார்.

கடைசிக் குடும்பம் 1983 இல் வெளியேறியதாகச் சொல்கிறார்கள் என்றேன்.

மாமி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்களுக்கு ஏழு வருஷம் முந்திப் போயிருக்காங்க. அவங்கட ஊர் இன்னும் நிக்குது. எங்கட ஊர் எங்க?”

அந்தக் கேள்விக்கு அன்று திண்ணையில் இருந்த யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான்.

பாலைவனத்தில் நிற்கும் ஊர்

அல்உலா மதீனாவுக்கு வடக்கே 300 கிலோமீற்றருக்கும் அதிக தூரத்தில் இருக்கிறது. ஸமூத் கூட்டத்தாருடன் தொடர்புபடுத்திப் பேசப்படும் மதாயின் ஸாலிஹ் அதன் அருகில்தான் உள்ளது. சவூதி அரேபியாவில் முதன்முதலாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் 2008 இல் சேர்க்கப்பட்ட இடம் அது. அல்உலாவின் பழைய ஊரில் சுமார் 900 வீடுகள் இருந்தன. அடிச்சுவர் கல்லால், மேற்சுவர் வெயிலில் காய வைத்த மண்கல்லால், கூரை பேரீச்சை மரத்தால் ஆனது. டமஸ்கஸிலிருந்து ஹஜ்ஜுக்கு வருவோர் தங்கிச் செல்லும் வழி அது. தந்தூரா என்ற சூரியக் கடிகாரத்தின் நிழலைப் பார்த்து ஊரார் பயிர்ச்செய்கைக் காலத்தை அறிந்தார்கள்.

மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் உள்ள புதிய ஊர் பக்கத்திலேயே எழுந்தபோது மக்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. ஊரை விட்டார்களே தவிர, ஊரின் கணக்கை விடவில்லை. எது யார் வீடு என்று சொல்ல ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். பிறகு அரசாங்கம் திருத்த வேலை தொடங்கியது. இன்று அது சுற்றுலாப் பயணிகள் வரும் இடம்.

அந்தச் சுவர்கள் நிற்பதற்கு முக்கியமான காரணம் அங்கே மழை இல்லாமைதான். அங்கு ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழை, நம் மாரி காலத்தில் ஒரே நாளில் பெய்துவிடக் கூடியது. பாலைவனத்திலும் மழை வந்தால் கதை வேறு. எகிப்தின் ஸீவா பாலைவனச் சோலையில் ஷாலி என்ற மண் கோட்டை ஊர் இருக்கிறது. உப்புக் கலந்த மண் கட்டிகளால் கட்டியது. 1926 இல் மூன்று நாட்கள் தொடர்ந்து பெய்த மழையில் அது கரைந்து சிதைந்தது. மக்கள் கீழே இறங்கிப் புது வீடு கட்டிக்கொண்டார்கள்.

மூன்று நாள் மழைக்கே அப்படி என்றால், முசலிக்கு என்ன நடந்திருக்கும்?

மாரிக்கு முன் பூசும் சுவர்

முசலிப் பக்கத்து ஏழை வீடுகள் பெரும்பாலும் மண் வீடுகள்தாம். கப்பு நட்டு, வரிச்சுக் கட்டி, குழைத்த களிமண்ணை இரண்டு பக்கமும் அப்பிப் பூசுவது ஒரு வகை. மண்ணில் வைக்கோலோ உமியோ சேர்த்துக் காலால் மிதித்து, அச்சில் கல் அறுத்து, வெயிலில் காய வைத்துக் கட்டுவது இன்னொரு வகை. கூரைக்குப் பனையோலை அல்லது கிடுகு. தரைக்குச் சாணி மெழுக்கு.

வீட்டைக் கட்டுவதில் ஆண்கள் முன்னால் நின்றாலும், அதை நிற்க வைத்தவர்கள் பெண்கள். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன் புற்றுமண் கொண்டு வந்து, நீர் விட்டுக் குழைத்து, வெடிப்புகளை அடைத்து, சுவரைப் பூசுவார்கள். அந்தப் பூச்சு ஒரு மாரியைத் தாங்கும். அடுத்த வருடம் மறுபடியும் பூச வேண்டும். கூரை வேயாமலும் சுவர் பூசாமலும் விட்டால் இரண்டு மூன்று மாரியில் மண் வீடு மண்ணோடு மண்ணாகிவிடும்.

மன்னார்ப் பகுதியில் வருடத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும் பகுதி ஒக்டோபரில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் பெய்துவிடும். வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும் ஒக்டோபரில்தான்.

1990 ஒக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். வேறு இடங்களில் சில நாட்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் உடுத்த உடுப்போடும் கையில் அனுமதிக்கப்பட்ட சிறு பணத்தோடும் வந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் தோணிகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரதேசங்கள் அவர்களுக்கு இடம் கொடுத்தன. அப்போது நான் கைக்குழந்தை. எங்கள் வீட்டில் இருந்த பெரிய சட்டிகள் எல்லாம் பள்ளிவாசலுக்குப் போய்விட்டன, ஒரு கிழமை வீட்டில் சமைக்கச் சட்டி இல்லை என்று உம்மா இன்றும் சொல்வார்.

மாமிக்கு அப்போது 28 வயது. மூன்று பிள்ளைகள்.

“அந்தக் கிழமை நான் சுவர் பூசிக்கிட்டிருந்தேன் மகள். கிழக்குப் பக்கம் முடிஞ்சிட்டு. மேற்குப் பக்கம் மிச்சம். அவிக்கிறதுக்கு நெல் ஊறப் போட்டிருந்தேன். ரெண்டு கிழமையில திரும்பலாம் எண்டுதான் எல்லாரும் நினைச்சோம். ஊறின நெல் பழுதாப் போயிடுமே எண்டுதான் வழியெல்லாம் கவலைப்பட்டேன்.”

அவர் மறுபடியும் தன் ஊர் மண்ணை மிதித்தபோது 2009 உம் கடந்துவிட்டது.

எழுதப்பட்ட ஊரும் எழுதப்படாத ஊரும்

மாமியும் இன்னும் நான்கு பெண்களும் நானும் வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி முசலிக்குப் போனோம். வில்பத்துக் காட்டினூடாகப் போகும் பழைய பாதை கிட்டியது. ஆனால் அது தேசிய பூங்காவை ஊடறுக்கும் பாதை. அதைத் திறப்பது பற்றி வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. ஆகவே சுற்றுப் பாதையில் அநுராதபுரம், மதவாச்சி, முருங்கன் வழியாகச் சிலாவத்துறையை அடைந்தோம்.

இந்தக் கரை மிகப் பழைய கரை. 1344 இல் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா, தாம் இறங்கிய ‘பத்தாலா’ என்ற ஊரில் ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துகளைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அது புத்தளம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபட் நொக்ஸ் 1679 இல் தப்பி வந்து சேர்ந்தது இங்குள்ள அரிப்புக் கோட்டைக்குத்தான். ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் முத்துக் குளிப்பைப் பார்வையிடுவதற்காக அரிப்புக் கடற்கரையில் ‘டொரிக்’ என்ற மாளிகையைக் கட்டினார். 1801 இல் தொடங்கிய வேலை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த அதன் சுவர்கள் கடலரிப்பில் இடிந்தும் இன்னும் நிற்கின்றன. படம் எடுக்க வந்த இளைஞர்களை நாங்களும் கண்டோம்.

தெற்கே மறிச்சுக்கட்டி. 1906 இல் அங்கே முத்துக் குளிப்பு நடந்தபோது பணியில் இருந்த ஆங்கில அதிகாரிகளில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனார்ட் வுல்ஃப். முத்துக் குளிப்புக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி, ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டணமே எழும். காலம் முடிந்ததும் அந்தப் பட்டணம் இருந்த இடம் தெரியாமல் போகும். ஆனால் அதைப் பற்றி அறிக்கைகள் இருக்கின்றன, புத்தகங்கள் இருக்கின்றன. ஆகவே அது இருந்தது என்பதை யாரும் மறுப்பதில்லை.

தேசாதிபதியின் மாளிகைக்குச் சுவர் சாட்சி. முத்துக் குளிப்புப் பட்டணத்துக்கு எழுத்துச் சாட்சி. சுவரும் எழுத்தும் இல்லாத மாமியின் ஊருக்கு எது சாட்சி?

காடா, ஊரா?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2009 க்குப் பிறகு மக்கள் திரும்பத் தொடங்கியபோது, இருபது வருடமாக ஆளில்லாத ஊர்களில் காடு வளர்ந்திருந்தது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய பகுதிகளைச் சேர்ந்த காணிகள் வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. 2017 மார்ச்சில் இன்னொரு வர்த்தமானி, 40,030 ஹெக்டயரை ‘மாவில்லு’ பேணற் காடு என்று அறிவித்தது. தங்கள் வீட்டு வளவும் மேய்ச்சல் தரையும் வயலும் அதற்குள் போய்விட்டன என்று மக்கள் சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் சொல்கிறார்கள்.

மறுபக்கத்தையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வில்பத்து 1938 முதல் தேசிய பூங்கா. அதை ஒட்டிய காடு யானைக்கும் மழைக்கும் நமக்கும் தேவை. மீள்குடியேற்றம் என்ற பெயரில் முன்பு ஊரே இல்லாத இடங்களும் வெட்டப்பட்டதாகச் சூழலியலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கல்லாறுக் காட்டில் நடந்த துப்புரவாக்கம் சட்டத்துக்கு முரணானது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்து, மரம் நடும்படி கட்டளையிட்டது.

காணிப் பிரச்சினை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. பக்கத்து முள்ளிக்குளம் ஒரு தமிழ்க் கத்தோலிக்க ஊர். 2007 இல் வெளியேற்றப்பட்ட அந்த மக்களின் ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. நீண்ட போராட்டத்தின் பின் 2017 இல்தான் ஒரு பகுதியை விடுவிக்க உடன்பட்டார்கள்.

ஆகவே எது பழைய ஊர், எது காடு என்று பிரித்துக் காட்டுவதுதான் முக்கியம். அப்படிக் காட்டினால் காட்டுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ஆனால் மண் வீட்டுக்காரரிடம் ‘ஆதாரம் கொண்டு வாருங்கள்’ என்றால் எதைக் கொண்டு வருவார்? மாமி ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, “நீங்கள் இருந்ததற்கு அடையாளம் ஒன்றும் இல்லையே, செய்மதிப் படத்தில் காடுதானே தெரிகிறது” என்று சொன்னார்களாம். மாமி வீடு திரும்பி இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை.

புளிய மரத்திலிருந்து நாற்பது அடி

மாமியின் ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. காணி விசாரணை முடியும்வரை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வேன் போகாத இடத்தில் இறங்கி நடந்தோம். முதலில் எனக்கு எல்லாமே பற்றைக்காடாகத்தான் தெரிந்தது. மாமிக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு புளிய மரத்தைக் கண்டதும் நின்றார். “இது தானா முளைச்ச மரமில்ல. எங்கட மூத்தவாப்பா வெச்சது.” கொஞ்சம் தள்ளி ஒரு கிணறு. கட்டு உடைந்து, உள்ளே செடி முளைத்திருந்தது. அதற்கு அப்பால் ஒரு சுவர்த் துண்டு: பள்ளிவாசலின் சீமெந்துச் சுவர். அதற்குப் பின்னால் மையவாடி, மீஸான் கற்கள் சரிந்து கிடந்தன.

புளிய மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கிணற்றை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, மாமி அடி எண்ணி நடந்தார். நாற்பதாவது அடியில் ஒரு மண் மேடு. அதன் மேல் கறையான் புற்று.

“இதுதான்” என்றார்.

நாங்கள் கத்தியால் செடிகளை வெட்டினோம். மாமி மேட்டின் தென்பக்கம் குந்தியிருந்து ஒரு தடியால் மண்ணைக் கிளறினார். அரை மணித்தியாலம் சென்றிருக்கும். தடி கல்லில் தட்டுப்பட்டது. கையால் மண்ணை விலக்கினோம். அம்மி.

“நடுவுல குழிஞ்சிருக்கும் பாருங்க. ஒரு மூலை உடைஞ்சிருக்கும். என்ட மூத்த மகன் உலக்கையைப் போட்டு உடைச்சான்.”

மண்ணைத் துடைத்துப் பார்த்தோம். நடு குழிந்திருந்தது. ஒரு மூலை உடைந்திருந்தது.

மாமி அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. எழுந்து அடுப்படி எது, நெல் ஊறப் போட்ட இடம் எது, பூசாமல் விட்ட மேற்குச் சுவர் எது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு பக்கத்து வளவு யாருடையது, அதற்கு அடுத்தது யாருடையது, யார் வீட்டில் எந்த மரம் நின்றது என்று சொல்லிக்கொண்டே போனார். கூட வந்த பெண்கள் திருத்தினார்கள், கூட்டினார்கள். நான் எழுதினேன். அன்று மாலைக்குள் என் கொப்பியில் 31 வளவுகள் இருந்தன.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ஊர் வரைபடம் தயாரிக்கப் பழக்கினார்கள். ஆண்களிடம் கேட்டால் தெருவும் வயலும் எல்லையும் சொல்வார்கள். பெண்களிடம் கேட்டால் தண்ணீர் அள்ளிய கிணறும், நெருப்பு வாங்கப் போன வீடும், பிள்ளை பிறந்த அறையும் வரும். வீடுகள் அழிந்த ஊரைத் திரும்ப வரைவதற்கு இரண்டாவது வகைத் தகவல்தான் அதிகம் உதவும் என்று அன்று கண்டேன்.

பாதி ஊர்

திரும்பும் வழியில் மீள்குடியேறிய ஊர் ஒன்றில் தேநீர் குடித்தோம். புதிய கல்வீடுகள். ஆனால் பல வீடுகள் பூட்டியிருந்தன. ஆண்கள் வயல் காலத்தில் மட்டும் வந்து போகிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகப் பெண்கள் புத்தளத்திலேயே இருக்கிறார்கள்.

இதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. உலக வங்கியின் உதவியுடன் 2007 இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் புத்தளத்தில் பல குடும்பங்கள் கல்வீடு கட்டின. அங்கே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து மணமும் முடித்துவிட்டது. மாமியின் மகள் வெளியேறியபோது மூன்று வயதுக் குழந்தை. இப்போது முன்பள்ளி ஆசிரியை. வேன் பயணத்துக்கு அவரை நான் அழைத்தபோது வரவில்லை. “உம்மாட ஊர் அது. எனக்கு அங்க ஒரு ஞாபகமும் இல்ல. என்ட பிள்ளைகள் இங்கதான் படிக்குதுகள்” என்றார்.

அம்மியின் படத்தைக் காட்டியபோது நீண்ட நேரம் பார்த்தார். “நான் போய் இருக்கமாட்டேன். ஆனா அது உம்மாடது எண்டு எழுதி இருக்கணும்” என்றார்.

எனக்கு இதுவே சரியான நிலைப்பாடாகப் படுகிறது. திரும்பிப் போவதா இல்லையா என்பது அவரவர் முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்கும் உரிமை இருக்க வேண்டுமானால், இருந்த இடம் நம்முடையது என்பது முதலில் நிலைநாட்டப்பட வேண்டும்.

நாம் இப்போது செய்யக் கூடியவை

சகோதரிகளே, வடக்கிலிருந்து வந்த குடும்பம் உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இருந்தால், அந்த மூத்த பெண்களோடு ஒரு கொப்பியுடன் உட்காருங்கள். 1990 இல் வீடு நடத்திய பெண்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

வளவின் நான்கு எல்லையிலும் யார் இருந்தார்கள், கிணறு எங்கே, என்ன மரம் நின்றது, பள்ளிவாசலுக்கு எத்தனை அடி என்று எழுதுங்கள். கேட்ட திகதியையும் சொன்னவரின் ஒப்பத்தையும் சேருங்கள். முடிந்தால் பக்கத்து ஊர்த் தமிழ் அயலவரின் ஒப்பத்தையும் வாங்குங்கள். எங்களுக்கு அப்படி இருவர் மனமுவந்து தந்தார்கள்.

பிறப்புச் சான்றிதழைத் தேடுங்கள். வீட்டிலோ ஊர் ஆஸ்பத்திரியிலோ பிறந்த பிள்ளையின் சான்றிதழில் பிறந்த இடம் இருக்கும். விவாகப் பதிவு, பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலை விடுகைப் பத்திரம், கூப்பன் அட்டை, பழைய கடித உறை எல்லாமே ஆதாரம்தான். மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நிழற்பிரதியை மட்டும் கொடுங்கள்.

அரச காணி அனுமதிப்பத்திரம் இருந்தால் அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதபோது மகள்மாரைவிட மகன்மாருக்கே முதலிடம் இருந்தது. அந்த ஏற்றத்தாழ்வு 2022 இன் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. இது தெரியாமல் ‘பொம்பளைப் பிள்ளைக்குக் காணி இல்லை’ என்று யாராவது சொன்னால், பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் விசாரியுங்கள்.

ஆபிரிக்காவின் மாலி நாட்டில் ஜென்னே என்ற ஊரில் 1907 இல் கட்டிய பெரிய மண் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே மழைக்காலம் உண்டு. ஆனாலும் அது கரைந்து போகவில்லை. வருடம் ஒருமுறை ஊரே திரண்டு அதைப் பூசுகிறது. ஆண்கள் சுவரில் ஏறிப் பூச, பெண்கள் தண்ணீர் சுமந்து வந்து கொடுக்கிறார்கள். அல்உலாவுக்கு மழையில்லா வானம் துணை. ஜென்னேக்கு அதன் மக்கள் துணை. முசலியின் மண் வீடுகளுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. பூச வேண்டிய கைகள் வெளியேற்றப்பட்டிருந்தன.

மாமியின் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருக்கிறது. அம்மியை எடுத்து வரவில்லை. நான் எடுத்து வரலாமா என்று கேட்டதற்கு, “வேண்டாம் மகள். அது அங்க இருந்தாத்தான் ஆதாரம்” என்றார். மேலே கொஞ்சம் மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்தோம். அடுத்த முறை போகும்போது இன்னும் பத்து வளவுகளை எழுத வேண்டும். கூட வருவதாக மாமியின் மகள் சொல்லியிருக்கிறார்.